பட்டனைத் தட்டினால் நாற்பது சிஸ்டத்திலும் ஏறிவிடுமா? – கணினிக் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஆபீஸ் கணினிகளைக் கட்டி மேய்க்கும் அட்மின்களிடமிருந்து. எல்லாம் மாநில எல்லையோர ஊர்கள். ஒரே கம்பெனிக்கு இந்தப் பக்கம் ஒரு கிளை, அந்தப் பக்கம் ஒரு கிளை என்று இருப்பதால் தலைவலியும் இரட்டிப்பு போல. சரி, வரிசையாகப் பார்ப்போம்.

கேள்வி: எங்கள் ஏலக்காய்க் கம்பெனிக்குக் கம்பம், போடி, குமுளி, வண்டன்மேடு நாலு இடத்திலும் சேர்த்து 40 கணினிகள். அட்மின் நான் ஒருத்தன்தான். டெஸ்க்டாப் மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேர் விற்க வந்தவர், "எல்லாமே ரியல் டைம் சார், இங்கே பட்டனைத் தட்டினால் அடுத்த நொடி அங்கே இன்ஸ்டால் ஆகிவிடும்" என்கிறார். முதலாளி மயங்கிவிட்டார். நம்பலாமா சார்?
– வாசகர், கம்பம்

பதில்: பாதி நம்பலாம். அவர் சொல்லாமல் விட்ட மீதிப் பாதியைத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

ஒரே இடத்திலிருந்து பல கணினிகளை நிர்வகிக்கும் இந்த வகை சாஃப்ட்வேர் எதுவானாலும் ஒவ்வொரு கணினியிலும் ஏஜென்ட் என்று ஒரு சின்ன புரோகிராம் உட்கார்ந்திருக்கும். அது சர்வரோடு எப்படிப் பேசுகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. சில ஏஜென்ட்கள் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு தடவை தானே போய் "எனக்கு ஏதாவது வேலை இருக்கா?" என்று கேட்டுவிட்டு வரும். சில ஏஜென்ட்கள் இணைப்பைத் திறந்தே வைத்துக்கொண்டு, கட்டளை வந்ததும் வாங்கிக்கொள்ளும். ஆபீஸ் கணினிகளின் செட்டிங்குகளைச் சர்வரிலிருந்தே அமைக்கும், நமக்குப் பழகிய விண்டோஸ் குரூப் பாலிசி முதல் ரகம்: 90 நிமிடத்துக்கு ஒரு முறை, அதற்கு மேல் 30 நிமிடம் வரை கணினிக்குக் கணினி மாறும் ஒரு தாமதம், எல்லாக் கணினியும் ஒரே நேரத்தில் போய் சர்வரை மொய்த்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். மைக்ரோசாஃப்டின் கிளவுட் நிர்வாகச் சேவையான இன்ட்யூனில் விண்டோஸ் கணினி தானாகப் போய் எட்டிப்பார்ப்பது சுமார் 8 மணி நேரத்துக்கு ஒரு தடவைதான், நடுவில் அவசரமென்றால் சர்வர் ஒரு தட்டு தட்டி எழுப்பும், ஆனால் அது எழுந்திருக்க வேண்டுமே. ஆக, விற்க வந்தவரிடம் முதலில் கேளுங்கள்: உங்கள் ஏஜென்ட் இதில் எந்த ரகம், எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை பேசும்? பதில் சொல்லாமல் சிரித்தால் புரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது, அணைந்து கிடக்கும் கணினிக்கு ரியல் டைம் என்று ஒன்று கிடையாது. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் வண்டன்மேட்டுப் பக்கம் மரம் சாய்ந்து கேபிள் அறுந்து நாள் முழுக்க நெட் இல்லையென்றால், கம்பத்தில் நீங்கள் தட்டும் பட்டன் வரிசையில் நிற்கும், அவ்வளவுதான். நல்ல சாஃப்ட்வேர் என்றால் அந்த வரிசையை மறக்காமல் வைத்திருந்து, கணினி திரும்ப வந்ததும் கொடுக்கும், பாதி இறங்கிய ஃபைலை விட்ட இடத்திலிருந்து தொடரும். டெமோவில் இதைச் சோதித்துப் பாருங்கள். நடுவில் நெட் வயரைப் பிடுங்குங்கள், விற்பவர் முகம் கோணினாலும் பரவாயில்லை.

அப்புறம் கனம். 4 எம்பிபிஎஸ் இணைப்பில் 1 ஜிபி இறங்க 35 நிமிடம் ஆகும். வண்டன்மேட்டில் 8 கணினி இருந்து, ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கம்பத்திலிருந்து இழுத்தால் நாலரை மணி நேரம், அதற்குள் அங்கே யாரும் ஒரு பில்கூடப் போட முடியாது. அதனால் கிளைக்கு ஒரு கணினி மட்டும் இறக்கி, மற்றவை அதனிடமிருந்து எடுத்துக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 10 வந்ததிலிருந்து டெலிவரி ஆப்டிமைசேஷன் என்ற பெயரில் இது விண்டோஸிலேயே உண்டு, மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேர்களிலும் கிளைக்கு ஒரு விநியோக சர்வர் என்று வைக்கிறார்கள். உங்கள் மாதிரி மலைக்கிளை உள்ளவர்களுக்கு ரியல் டைமைவிட இதுதான் முக்கியம், இது இல்லாத சாஃப்ட்வேரை இனாமாகக் கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன்.

இனி என் அபிப்பிராயம். பார்ப்பது, பூட்டுவது, உதவுவது இந்த மூன்றும் உடனடியாக நடக்க வேண்டும். எந்தக் கணினியில் டிஸ்க் நிரம்பிவிட்டது, எதில் ஆன்டிவைரஸ் செத்துக் கிடக்கிறது என்று அந்த நிமிடமே தெரிய வேண்டும். லேப்டாப் பஸ்ஸில் தொலைந்தால் உடனே பூட்ட வேண்டும். போடியில் ஒருவர் திரையைப் பார்த்துத் திணறினால் நீங்கள் கம்பத்திலிருந்தே கைகொடுக்க வேண்டும். அனுப்புவது மட்டும், அதாவது புதுப் புரோகிராம், பேட்ச் (ஓட்டை அடைக்கும் திருத்தம்), செட்டிங் மாற்றம் எல்லாம், மெதுவாகப் போகட்டும். முதலில் உங்கள் சொந்தக் கணினி, பிறகு கிளைக்கு ஒன்று, ஓரிரு நாள் கழித்து மிச்சம். 40 கணினிக்கும் ஒரே நொடியில் அனுப்ப முடிகிற சாஃப்ட்வேர், 40 கணினியையும் ஒரே நொடியில் கெடுக்கவும் முடிகிற சாஃப்ட்வேர்.

கதை விடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா, விமான நிலையத்தில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்களே? கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் நம் நேரப்படி காலை 9.39க்குப் பிழையான ஒரு ஃபைலை உலகம் பூராவும் ஒரேயடியாக அனுப்பியது. 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றார்கள், ஆனால் அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் விழுந்துவிட்டன என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. அனுப்பியது தானாக, ஒரு நொடியில். சரிசெய்ததோ பெரும்பாலும் ஆள் போய், ஒவ்வொரு கணினி முன்னாலும் உட்கார்ந்து, சேஃப் மோடில் ஏற்றி, அந்த ஃபைலை அழித்து. டிஸ்க் என்கிரிப்ட் ஆகி (சங்கேதமாகப் பூட்டப்பட்டு) இருந்தால் அதற்கான ரெகவரி கீ வேறு தேட வேண்டியிருந்தது. உங்கள் நாற்பதுக்கும் அந்தக் கீ எங்கே இருக்கிறது என்று இப்போதே எழுதி வையுங்கள்.

இன்னொன்று: போடியிலும் புற்றடியிலும் இ-ஏலம் நடக்கிற நேரத்தில் எதையும் அனுப்பாதபடி அட்டவணையைப் பூட்டிவிடுங்கள். பெரிய மாற்றங்களைக் குமுளிக் கிளைக்கு ஓண விடுமுறையில் வைத்துக்கொள்ளலாம். இரண்டு மாநிலக் காலண்டரும் கையில் இருப்பதில் நமக்கு இப்படி ஒரு லாபம்.

கேள்வி: ரவுட்டரில் 3389 போர்ட்டைத் திறந்து வைத்துத்தான் வீட்டிலிருந்து ஆபீஸ் சர்வருக்குள் போகிறேன். ஆபத்து என்று சொன்னதால் 3390 ஆக மாற்றிவிட்டேன். இப்போது பாதுகாப்புதானே?
– வாசகர், கஞ்சிக்கோடு

பதில்: இல்லை. 3389 என்பது தூரத்திலிருந்து கணினியை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பின் வழக்கமான வாசல், நீங்கள் வாசல் எண்ணை மட்டும்தான் மாற்றியிருக்கிறீர்கள். இணையத்தை இருபத்துநாலு மணி நேரமும் துழாவிக்கொண்டிருக்கும் ரோபோக்களுக்கு 3390ம் ஒன்றுதான், 53390ம் ஒன்றுதான். 2019 மே மாதம் வெளியான புளூகீப் என்ற ஓட்டை, பாஸ்வேர்டே இல்லாமல் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக உள்ளே நுழைய விட்டது. இன்றைக்கே அந்தப் போர்ட்டை மூடுங்கள். விபிஎன் (இணையத்துக்குள் ஒரு தனிப்பாதை) போட்டு உள்ளே வாருங்கள், அல்லது நடுவில் காவல் நிற்கும் ரிமோட் டெஸ்க்டாப் கேட்வே வையுங்கள், எதை வைத்தாலும் ஓடிபி மாதிரி இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயம்.

கேள்வி: அண்ணாச்சி, செங்கோட்டையில் எங்கள் மரக்கடை. ஆரியங்காவு, புனலூரில் கிளைகள். மூன்று இடத்திலும் ஒரே டேலி கணக்கைப் பார்க்க வேண்டும் என்று விபிஎன் போட்டு, சர்வர் ஃபோல்டரை ஷேர் செய்து கொடுத்தேன். புனலூரில் ஒரு பில் திறக்க டீ குடித்துவிட்டு வரலாம். ரெண்டு தடவை டேட்டாவும் கெட்டுப்போனது. என்ன செய்ய?
– வாசகர், செங்கோட்டை

பதில்: விபிஎன்மேல் குற்றமில்லை, டேலிமேலும் இல்லை. ஃபைலை ஊர்விட்டு ஊர் இழுத்து வேலை பார்ப்பதுதான் சிக்கல். ஷேர் செய்த ஃபோல்டரில் வேலை செய்யும்போது புரோகிராம் புனலூரில் ஓடுகிறது, டேட்டா செங்கோட்டையில் இருக்கிறது. ஒவ்வொரு சின்னத் தேடலுக்கும் நூற்றுக்கணக்கான கேள்வி பதில் அந்த வயரில் போய்வர வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது லைன் அறுந்தால் பாதி எழுதிய டேட்டாதான் மிஞ்சும்.

தீர்வு பழையது. புரோகிராமையும் சர்வரிலேயே ஓடவிட்டு, கிளைக்குத் திரையின் படத்தை மட்டும் அனுப்பி, கிளையிலிருந்து கீபோர்டு, மவுஸ் தட்டல்களை மட்டும் வாங்குவது. சிட்ரிக்ஸ் நிறுவனம் 1995இல் வின்ஃபிரேம் என்று இதை விண்டோஸுக்குக் கொண்டுவந்தது, மைக்ரோசாஃப்ட் 1998இல் டெர்மினல் சர்வர் என்று தானும் இறங்கியது, சர்வர் 2008லிருந்து ரிமோட்ஆப் வந்துவிட்டது. ரிமோட்ஆப்பில் முழு டெஸ்க்டாப்பும் தெரியாது, டேலி ஜன்னல் மட்டும் சொந்தக் கணினியில் ஓடுவது போலவே வந்து நிற்கும், கல்லாவில் இருப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. லைன் அறுந்தாலும் சர்வரில் வேலை அப்படியே நிற்கும், திரும்ப இணைந்ததும் விட்ட இடத்தில் தொடரலாம். புரோகிராமைப் புதுப்பிப்பதும் ஒரே இடத்தில், நீங்கள் புனலூருக்கு வண்டி ஏற வேண்டாம்.

ஆனால் மூன்று விஷயம் உங்களை மடக்கும். முதலாவது லைசென்ஸ். விண்டோஸ் சர்வர் வாங்கினால் நிர்வாக வேலைக்கு இரண்டு பேர் மட்டும் உள்ளே வரலாம். ஊழியர்கள் தினம் வந்து வேலை பார்க்க ஆளுக்கோ கணினிக்கோ தனியாக ரிமோட் லைசென்ஸ் வேண்டும். போட்டவுடன் எல்லாம் நன்றாக ஓடும், 120 நாள் சலுகைக் காலம் முடிந்த மறுநாள் காலையில் ஒருத்தரும் உள்ளே வர முடியாது, அன்றைக்கு ஜிஎஸ்டி கடைசித் தேதியாகவும் இருக்கும். சாதாரண விண்டோஸில் ஏதோ ஒரு ஃபைலை மாற்றி நாலு பேரை உள்ளே விடுகிற வித்தையை யாராவது காட்டுவார்கள், அந்தப் பக்கமே போகாதீர்கள், அது விதிமீறல், அடுத்த அப்டேட்டில் நின்றும்விடும். டேலிக்கும் பல பேருக்கான கோல்ட் லைசென்ஸ்தான் வேண்டும்.

இரண்டாவது பிரின்டர். நம் கடைகளில் இன்னும் டாட் மேட்ரிக்ஸ்தான் ராஜா. ரிமோட் வழியாக வரும்போது விண்டோஸ் ஈஸி பிரின்ட் என்ற பொதுவான வழியைத் தானாக எடுத்துக்கொண்டு பில்லைப் படமாக்கி அனுப்பும், பிரின்டர் ஒரு பில்லுக்கு முக்கி முனகும், எழுத்தும் மங்கலாக வரும். குரூப் பாலிசியில் ஈஸி பிரின்ட் முதலிடத்தை நிறுத்திவிட்டு, அந்த பிரின்டரின் சொந்த டிரைவரைச் சர்வரில் போடுங்கள். டேலியில் டாட் மேட்ரிக்ஸ் வடிவம் என்று தனியாக இருப்பதையும் தேர்ந்தெடுங்கள்.

மூன்றாவது எழுத்துரு. பில்லில் தமிழும் மலையாளமும் வருகிறதென்றால் அந்த எழுத்துருக்கள் இனிமேல் சர்வரில் இருக்க வேண்டும், கிளைக் கணினியில் இருந்து பயனில்லை. பழைய யூனிகோட் அல்லாத எழுத்துருவைத் தூக்கிப் போட்டுவிட்டு யூனிகோடுக்கு மாற இதைவிட நல்ல சாக்குக் கிடைக்காது.

கேள்வி: அப்டேட் போட்டாலே ஏதாவது கெட்டுப்போகிறது. அதனால் எல்லாக் கணினியிலும் அப்டேட்டையே நிறுத்திவிட்டேன். ஒரு வருடமாக நிம்மதி.
– வாசகர், ஒலவக்கோடு

பதில்: உங்கள் ஊரிலிருந்தே உதாரணம் சொல்கிறேன். 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் புரோகிராம்) உலகத்தைச் சுற்றி வந்தபோது பாலக்காடு ரயில்வே கோட்ட அலுவலகக் கணினிகள் சிலவற்றிலும் அது நுழைந்ததாகச் செய்தி வந்தது. வயநாட்டில் ஒரு பஞ்சாயத்து அலுவலகம், ஆந்திராவில் போலீஸ் கணினிகள் என்று பட்டியல் நீண்டது. அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் 14ஆம் தேதியே பேட்ச் கொடுத்துவிட்டது, தாக்குதல் தொடங்கியது மே 12. இரண்டு மாத அவகாசம்!

மேலே கம்பம் வாசகரிடம் மெதுவாக அனுப்பச் சொன்னேனே, நிறுத்தச் சொல்லவில்லை. மைக்ரோசாஃப்டின் மாதாந்திர பேட்ச் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வரும், நமக்கு அது அன்று ராத்திரிதான். புதன், வியாழன் சோதனைக் கணினிகளில், சிக்கல் இல்லையென்றால் அடுத்த வாரத்துக்குள் எல்லாவற்றிலும். ஓட்டையை ஏற்கெனவே யாரோ பயன்படுத்துகிறார்கள் என்று செய்தி வந்தால் மட்டும் அந்தச் சோதனையை ஒரு நாளாகச் சுருக்குங்கள்.

இன்னும் ஒன்று, பேட்ச் அனுப்பும் சர்வருக்கே பேட்ச் போட மறந்துவிடாதீர்கள். 2021 ஜூலையில் கசேயா என்ற நிறுவனத்தின் நிர்வாக சாஃப்ட்வேரில் ஓட்டை கண்டுபிடித்தவர்கள், அதன் வழியாகவே, அது பார்த்துக்கொண்டிருந்த கணினிகளுக்கு ரான்சம்வேரை அப்டேட் போல அனுப்பினார்கள். 1,500 நிறுவனங்கள் வரை அடிபட்டன. எல்லாப் பூட்டுக்குமான சாவி அந்த ஒரு சர்வரில் இருக்கிறது, அதில் உட்கார்ந்து யூடியூப் பார்க்கிற அட்மின்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படி ஏதாவது நடந்துவிட்டால், சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குச் சொல்ல வேண்டும், 180 நாள் லாக் (கணினியில் நடந்தவற்றின் பதிவு) வைத்திருக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் உத்தரவு. உங்கள் லாக் எத்தனை நாள் நிற்கிறது என்று ஒரு தடவை பாருங்கள்.

கேள்வி: பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் தமிழ் வழிப் பள்ளி ஆசிரியை. கம்ப்யூட்டர் லேபில் லினக்ஸ்தான். ஒரு பிள்ளை பாடம் செய்கிறதா, கேம் விளையாடுகிறதா என்று என் இடத்திலிருந்தே பார்க்க முடியுமா? ஒவ்வொரு கணினியாகப் போய்ப் புதுப் புரோகிராம் போடுவதும் முடியவில்லை.
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: முடியும் டீச்சர், காசும் வேண்டாம். வேயான் என்று ஒரு கட்டற்ற மென்பொருள் இருக்கிறது, முன்பு ஐடால்க் என்று இருந்ததன் வாரிசு. எல்லாத் திரையும் உங்கள் திரையில் சின்னச் சின்னக் கட்டமாகத் தெரியும், எல்லாவற்றையும் ஒரே கிளிக்கில் பூட்டி "இங்கே பாருங்க" என்று சொல்லலாம், உங்கள் திரையை அவர்களுக்குக் காட்டலாம். ரியல் டைம் என்ற சொல்லுக்கு முழுத் தகுதியுள்ள இடம் ஒரு வகுப்பறைதான், எல்லாம் ஒரே அறையில், ஒரே சுவிட்சில் இருக்கிறதே!

புரோகிராம் போடுவதற்கு அன்சிபிள் என்ற கருவியைக் கற்றுக்கொள்ளுங்கள். ஏஜென்ட் எதுவும் தேவையில்லை, எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்பு வழியாக உங்கள் கணினியிலிருந்தே எல்லாவற்றுக்கும் ஒரே கட்டளை கொடுக்கும். இறக்கியதைச் சேமித்து மற்றக் கணினிகளுக்குக் கொடுக்கும் ஆப்ட்-கேஷரை ஒரு கணினியில் வைத்தால் இணையத்திலிருந்து ஒரு தடவை இறக்கினால் போதும். ஆனால் கேரளப் பள்ளிகளின் கணினிக் கல்வியைப் பார்த்துக்கொள்ளும் கைட் அமைப்பு தரும் லினக்ஸின் அடிப்படை அமைப்பில் கைவைக்காதீர்கள், பொதுத்தேர்வு நேரத்தில் அது அப்படியே இருக்க வேண்டும். பள்ளியின் லிட்டில் கைட்ஸ் கணினி மன்றப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இரண்டே வகுப்பில் உங்களைவிட வேகமாகச் செய்வார்கள்.

கேள்வி: ஸ்ரீசிட்டியில் வேலை. எங்கள் ஐடி ஆள் கேட்காமலே என் திரையைப் பார்க்கிறார். மௌஸ் தானாக நகர்கிறது. இது சரியா?
– வாசகர், கும்மிடிப்பூண்டி

பதில்: மரியாதை இல்லை. சட்டப்படி தவறா என்றால் அவ்வளவு எளிதாகச் சொல்ல முடியாது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலை சம்பந்தமான நோக்கத்துக்கும் நிறுவனத்தை இழப்பிலிருந்து காப்பதற்கும் ஊழியரின் தரவை ஒப்புதலின்றிக் கையாள இடம் கொடுக்கிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. எழுத்தில் கேளுங்கள்: திரை பார்ப்பதற்கு என்ன கொள்கை, யார் எப்போது பார்த்தார் என்ற பதிவு இருக்கிறதா?

இதைப் படிக்கும் அட்மின்களுக்கு: கிட்டத்தட்ட எல்லா ரிமோட் சாஃப்ட்வேரிலும் "பயனர் அனுமதித்தால் மட்டும் இணை" என்று ஒரு செட்டிங் உண்டு. அதைப் போட்டு வையுங்கள், சர்வர்களுக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். நாளைக்கு ஏதாவது பணம் காணாமல் போனால் மௌஸை நகர்த்தியது யார் என்ற கேள்வி உங்களிடம்தான் வரும்.

கேள்வி: எங்கள் கம்ப்யூட்டர் சென்டரில் பத்துப் பழைய கணினிகள், விண்டோஸ் 11 ஏறாது. தூக்கிப் போடவா?
– வாசகர், களியக்காவிளை

பதில்: வேண்டாம். விண்டோஸ் 10க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தது. நிறுவனங்கள் காசு கட்டி மூன்று வருடம் வரை நீட்டிக்கலாம், முதல் வருடம் கணினிக்கு 61 டாலர், வருடா வருடம் இரட்டிப்பு. பத்துப் பழைய கணினிக்கு அது அநியாயம். லினக்ஸ் ஏற்றி, ரெமினா என்ற ரிமோட் டெஸ்க்டாப் செயலி வழியாகச் சர்வரில் ஓடும் புரோகிராம்களைத் திறக்கலாம், செங்கோட்டை வாசகருக்குச் சொன்ன அதே முறைதான், அதே லைசென்ஸ் எச்சரிக்கையும்தான். ரேம் மட்டும் கொஞ்சம் கூட்டுங்கள்.

கேள்வி: வாளையாறில் லாரி ஆபீஸ், 18 கணினி. இலவசமாக ஏதாவது? இப்போது எனிடெஸ்க்கை வைத்து ஒப்பேற்றுகிறேன்.
– வாசகர், வாளையாறு

பதில்: ஜோஹோவின் எண்ட்பாயின்ட் சென்ட்ரல் 25 கணினி வரை இலவசம், பேட்ச், இன்ஸ்டால், ரிமோட் எல்லாம் அதில் உண்டு. நம் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையிலும் அலுவலகம் வைத்திருக்கும் கம்பெனிதான். 26ஆவது கணினி வாங்கும்போது பட்ஜெட் கேட்கத் தயாராக இருங்கள். எனிடெஸ்க் என்ற தொலைவிலிருந்து கணினியை இயக்கும் செயலியை வைத்து ஒவ்வொன்றாக நுழைந்து வேலை பார்ப்பது கையால் செய்கிற வேலைதான், நிர்வாகம் ஆகாது. அதோடு, இலவசப் பதிப்பு சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான். அந்தச் செயலியை வைத்து நடக்கும் பண மோசடிகளைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2019 பிப்ரவரியில் எச்சரித்திருக்கிறது. தப்பு செயலியில் இல்லை, செயலி காட்டும் இணைப்பு எண்ணை யார் கேட்டாலும் சொல்லிவிடும் பழக்கத்தில். உங்கள் டிரைவர்களிடமும் கிளார்க்குகளிடமும் ஒரு தடவை சொல்லி வையுங்கள்.

கேள்வி: ராத்திரி 2 மணிக்குக் கணினிகளைத் தானாக எழுப்பி அப்டேட் போட வேக்-ஆன்-லேன் வைத்தேன். பாதிதான் எழுகிறது. ஏன்?
– வாசகர், நகரி

பதில்: பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் அடிப்படை அமைப்பில்) அந்த வசதி திறந்திருக்கிறதா, விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் அணைந்திருக்கிறதா, வைஃபையில் இல்லாமல் வயரில் இருக்கிறதா என்று பாருங்கள். எழுப்பும் செய்தி சாதாரணமாக ரவுட்டரைத் தாண்டாது என்பதால் வேறு கட்டடத்தில் உள்ளவற்றுக்கு அங்கேயே ஒரு கணினி விழித்திருக்க வேண்டும். இதெல்லாம் சரியென்றால் வாட்ச்மேனைக் கேளுங்கள், எட்டு மணிக்கு யுபிஎஸ் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் கேட்டைப் பூட்டுகிறாரா என்று.